எல்சிக்கு வைத்த சூனியம்

ராயபுரம் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஸ்டானிஸ்லாஸுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. விடியற்காலையில் மூச்சிழுப்போடு குழாயடிக்குப் போகும் எட்டு வயது மகள் எல்சி, அரை மணி கழித்து இழுப்பில்லாமல் திரும்பி வந்தாள். ஒரு நாள் என்றால் சரி. ஒரு வாரமாக இதே கதை.

பின்னாலேயே போய்ப் பார்த்தார். குழாயடியைத் தாண்டிக் கடற்கரையில், பழுதுபார்க்க வந்த கப்பலைச் சேர்ந்த சீனத் தச்சர் ஒருவர், இல்லாத பானையை மெல்லத் தூக்கினார், மெல்ல இறக்கினார். எதிரில் நின்ற எல்சியும் அப்படியே செய்தாள்.

சூனியம்தான் என்று ஸ்டானிஸ்லாஸ் முடிவு கட்டினார்.

"இனிமே அந்தப் பக்கம் போனே, காலை ஒடைச்சுடுவேன்."

மறுநாளே இழுப்பு திரும்பியது. சூனியத்தை விரட்ட வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். இழுப்பு இரட்டித்தது.

"புள்ள மூச்சு வுட முடியாம கீது, நீ பொகை போட்டுகினு கீறே," என்றாள் மனைவி சிலுவையம்மாள்.

ஸ்டானிஸ்லாஸ் மாதா கோவில் உபதேசியார் தேவப்பிரியத்திடம் ஓடினார்.

"சும்மா போய் பங்குச் சாமியாராண்ட சொல்ல முடியாது," என்றார் உபதேசியார். " சீனன் எந்தக் கைய மொதல்ல தூக்குனான், இன்னா சொன்னான், எல்லாம் கேட்டுகினு வா. சாமியாரு ஊர்லேருந்து வர பதினஞ்சு நாளாவும்."

ஸ்டானிஸ்லாஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் எல்சியை முற்றத்தில் நிறுத்தினார்.

"கையத் தூக்கும்போது மூச்ச இன்னா பண்ணச் சொன்னான்?"

"மூக்கால இழுக்கணும் நைனா. எறக்கும்போது வாயால வுடணும், எதிர்ல வெளக்கு இருந்தா அணையாத மாரி."

"எவ்ளோ நேரம்?"

"இழுக்க ரெண்டு எண்ணணும். வுட நாலு."

"நாலா? சந்தேகமா கீதே. இன்னொரு வாட்டி செய்."

இழுப்பில் பெரிய சிரமம் காற்றை இழுப்பதில் இல்லை, விடுவதில்தான். பழைய காற்று நெஞ்சை விட்டுப் போகாவிட்டால் புதுக் காற்றுக்கு இடமேது? தினம் துருத்தியோடு பழகுகிறவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவரோ மந்திரம் எந்தக் கையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருபது முறை செய்ய வைத்தார். இரண்டு, நாலு என்று தானே எண்ணினார்.

ஐந்தாம் நாள் இழுப்பு குறைந்தது.

"பாத்தியா, தூரத்துலேருந்தே வேலை காட்றான்," என்றார் மனைவியிடம்.

பத்தாம் நாள் இழுப்பே இல்லை. ஸ்டானிஸ்லாஸுக்குக் கிலி பிடித்தது.

பதினாறாம் நாள் எல்சியோடு உபதேசியார் முன்னால் போய் நின்றார்.

"தெனம் சாயந்தரம் இருபது வாட்டி செய்ய வெச்சு சோதிச்சுட்டேன் உபதேசியாரே. ஒண்ணும் வுட்டுப் போவலை. அவனாண்ட போவாமலே புள்ளைக்கு இழுப்பு நின்னுபூட்ச்சு. எவ்ளோ பெரிய சூனியம் பாருங்க. அவனை ஊரை வுட்டே தொரத்தணும்."

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ மொத தபா வந்துட்டுப் போன மறுநாளே அந்தக் கப்பல் ரங்கூனுக்குப் பூட்ச்சு. இழுக்க ரெண்டு, வுட நாலுன்னு தெனம் இருபது வாட்டி மூச்ச மெதுவா வுட வெச்சே பாரு, அதுலதான் இழுப்பு அடங்கிச்சு; சூனியம் வெச்சது நீதான் ஸ்டானிஸ்லாசு."