எல்லைக்கல் தாண்டாத துப்பாக்கி

ஆயுதச் சட்டத்தை எழுதியவர்கள்கூட அதை அத்தனை பயபக்தியோடு படித்திருக்க மாட்டார்கள். அவ்வாறு படித்தவர் உலகில் ஒருவரே. அவர் கொட்டாம்பட்டிக்கு அருகே, தம் கடலைக்காட்டுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்தார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் 'லைசென்ஸ்'.

'பயிர்ப் பாதுகாப்புக்கு, சொந்த நிலத்துக்குள் மட்டும்' என்றது அவருடைய துப்பாக்கி உரிமம். ஆகவே ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, படைத்தளபதி போல் வரப்பில் நடந்து வருவார். எல்லைக்கல் வந்ததும் சுவரில் மோதியவர் போல் நின்று, திரும்பிவிடுவார்.

ஒரு காலை, காட்டுப்பன்றி ஒன்று அவர் கடலையைத் தின்றுவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்தது. அந்தக் காட்டுக்காரர் அலறினார்.

"மச்சான், சுடு மச்சான்! எம்புட்டுக் கிட்டத்துல நிக்கிது பாரு!"

"அது இப்ப ஒன் நெலத்துல நிக்கிது மாப்ள. இங்கிட்டு வெரட்டி விடு, சட்டப்படி சுடுறேன்."

விரட்டல் நடந்தது. விரட்டியது யார், ஓடியது யார் என்பதில்தான் சிறு மாற்றம். எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே விழுந்தவர் மாப்பிள்ளை. பன்றி வெளியிலேயே நின்றுகொண்டது.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்களை ஏட்டு வீடு தேடி வந்து அதட்ட வேண்டும். இவரோ, தேர்தல் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே துப்பாக்கியை வேட்டியில் சுற்றிக்கொண்டு போய் நிற்பார். அது திரும்பி வரும் வரை, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக் காடு சுற்றுவார்.

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டில் புதிய தாசில்தார் ஒருவர் வந்தார். "இவருக்குத் துப்பாக்கி அவசியந்தானா?" என்று விசாரணைக்கு அழைத்தார். லைசென்ஸ் கலங்கிப்போனார். உரிமம் போனால் அவருக்குப் பெயரே அல்லவா போய்விடும்?

கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையனான என்னிடம் வந்தார். "எனக்காக ரெண்டு வார்த்தை பேசுப்பா."

இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிறவனா நான்? தாசில்தார், ஒரு குமாஸ்தா, ஒரு மின்விசிறி அடங்கிய அந்தப் பேரவையில் முழங்கினேன்: "பன்னிரண்டு ஆண்டுகள்! ஒருமுறை வெடித்ததுண்டா இத்துப்பாக்கி? வாங்கிய ஐந்து தோட்டாக்களும் இன்றும் ஐந்தாகவே இருக்கின்றன! முனிவர் கையில் கொடுத்திருந்தாலும் இத்தனை பொறுமை காத்திருப்பாரா?"

கைதட்டலுக்காக இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியில் தாசில்தார் பேனாவை எடுத்தார்.

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க தம்பி. பன்னெண்டு வருசமா சுடாதவருக்குத் துப்பாக்கி எதுக்கு?"

உரிமம் போயிற்று, துப்பாக்கியும் போயிற்று. வெளியே வந்து தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"தலைய நிமித்துப்பா. ஆபீசுக்குள்ள நின்னு என்னைய நல்லவன்னு இம்புட்டுச் சத்தமா எவஞ் சொல்லியிருக்கான்?"

மறுநாளிலிருந்து மூங்கில் கம்பு ஒன்றைத் தோளில் சாய்த்து வரப்பில் நடந்தார். எல்லைக்கல் வந்ததும் நின்றார், திரும்பினார்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த அன்று, என் வீட்டு வாசலில் நின்றார். கையில் வேட்டியில் சுற்றிய கம்பு.

"வாப்பா, ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வருவோம்."

ஏட்டு அதைப் பிரித்துப் பார்த்தார். "என்னண்ணே இது?"

"தேர்தல் முடியிற வரைக்கும் இருக்கட்டும் ஏட்டய்யா."

ஏட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை இழுத்து, 'மூங்கில் கம்பு ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதி, சாட்சிக் கையொப்பம் கேட்டார்.

என் வாழ்வில் முதன்முறையாக, ஒரு சொல்லும் பேசாமல் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.