ஆழ்கடல் அவசர பம்பு தேர்வுக் குழு

திருப்பூரில் கடல் இல்லை. அதை ஒரு குறையாக இதுவரை யாரும் மனு எழுதிக் கொடுத்ததுமில்லை. ஆனாலும் 2006 ஆடி மாதத்தில், வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் 'ஆழ்கடல் அவசர பம்பு தேர்வுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், முதலாளி தண்டாயுதபாணி. செயலாளர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் கிருத்திகா. உறுப்பினர், செக்கிங் சூப்பர்வைசர் சகாயராஜ். மூவரில் கடலில் இறங்கியவன் சகாயராஜ் மட்டுமே. ஆகவே அவனுக்கு ஓட்டு கிடையாது.

சங்கதி இதுதான். சுனாமிக்குப் பிறகு, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், சமூக சேவை செய்கிற மாதிரி ஒரு போட்டோ கேட்டு மெயில் போட்டார். முதலாளி, திருநெல்வேலிக் கடற்கரையில் சகாயராஜின் ஊருக்கு ஒரு பைபர் வள்ளம் வாங்கிக் கொடுத்தார். ஓட்டுவது சகாயராஜின் தங்கை ரோஸ்மேரியின் புருஷன் கித்தேரியான். மறுவருஷமே அடியில் விரிசல். நடுக்கடலில் தண்ணீர் ஏறினால் இறைக்க ஒரு பம்பு இருந்தால் தேவலை என்றான். ஆனால் வள்ளம் கம்பெனிச் சொத்து. கம்பெனிச் சொத்துக்கு எதை வாங்கினாலும் கம்பெனி முறைப்படிதான் வாங்க வேண்டும். கம்பெனிக்குத் தெரிந்ததோ பனியன் முறை ஒன்றுதான்.

"பம்புல எத்தனை சைஸ் வருதுங்க?" என்று ஆரம்பித்தாள் கிருத்திகா.

"சின்னது போதும் மேடம். பேட்டரியில ஓடுறது," என்றான் சகாயராஜ்.

"எடுத்த எடுப்புல அப்படிச் சொல்லக் கூடாதுங்க. ஸ்மால், மீடியம், லார்ஜ், மூணுக்கும் சாம்பிள் பார்க்கணுமுங்க. கலரு?"

"பம்புக்கா மேடம்?"

"வள்ளம் நீலமுங்க. ஷேடு ஒத்துப் போகலைன்னா பையர் திருப்பீருவாரு."

கோயமுத்தூரிலிருந்து பம்புகள் வந்தன. முதலாவது சிவப்பு, தள்ளுபடி. இரண்டாவது நீலம்தான், ஆனால் டியூப்லைட்டுக்குக் கீழே பச்சையடித்தது. மூன்றாவதை வாஷிங் மெஷினில் போட்டு மூன்று முறை அலசினார்கள். அறிக்கை வந்தது: 'பம்பு சுருங்கவில்லை. சாயம் போகவில்லை. தண்ணீர் இறைக்குமா என்பது இச்சோதனையின் வரம்புக்குள் வராது.'

"அப்ப அனுப்பிரலாமா மொதலாளி?" என்றான் சகாயராஜ்.

முதலாளி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனுங்க சகாயராஜு, இது அப்ரூவல் சாம்பிளுங்க. அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுப் பீரோவுல பூட்டணும். பல்க் சரக்கு வந்தா இதோட ஒத்துப் பார்க்கணும். சீல் வெச்ச பனியன எவனாச்சும் போட்டுட்டுப் போவானா? நீங்களே சொல்லுங்க."

பதினைந்து வருஷமாக அப்படிப்பட்ட அட்டைகளில் கையெழுத்துப் போட்டு வந்தவன் சகாயராஜ். இதிலும் போட்டான். பம்பு பீரோவுக்குள் போனது.

ஐப்பசியில் ஒரு காலை, பல்க் ஆர்டரைப் பற்றிப் பேசக் குழு கூடியிருந்தபோது அவன் செல் அடித்தது. கித்தேரியான்.

"மச்சான், விரிசல் வாயப் பொளந்துட்டு. தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. மூணு பேரு இருக்கோம். கரை தெரியுது, போய்ச் சேருவோமான்னுதான் தெரியல. பம்பு எங்க இருக்கு?"

"பீரோவுல இருக்கு மாப்ள."

முதலாளி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். இளகிய மனசுக்காரர். "பயப்படாதீங்க தம்பி. ஆர்டர இப்பவே போட்டர்லாமுங்க. தண்ணி எவ்வளவுன்னு மட்டும் அளந்து சொல்லீருங்க. அளவில்லாம ஆர்டர் போக மாட்டேங்குது."

"எத வச்சு அளக்க?"

"வாளி இருக்குதுங்களா?"

இருந்தது. கிருத்திகா பேனாவைத் திறந்தாள். "அளந்த தண்ணிய வெளிய ஊத்தீருங்க," என்று எச்சரித்தாள். "உள்ளயே ஊத்துனா ரெண்டு தடவ கணக்குல வந்துருமுங்க."

ஒன்று, இரண்டு என்று கடலிலிருந்து எண்ணிக்கை வந்தது. நூறைத் தாண்டியபோது சகாயராஜ் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மாதா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டோடு எண்ணிக்கை நின்றது.

"மாப்ள?"

"அளக்கத் தண்ணி இல்ல மச்சான். அடி தெரியுது. சட்டையக் கழத்தி விரிசல்ல திணிச்சுட்டுக் கரைக்கு வாறோம்."

அன்றைய கூட்டக் குறிப்பு: 'குழுவின் தக்க தருண நடவடிக்கையால் மூன்று உயிர்கள் காக்கப்பட்டன. தேவையான திறன், 212 வாளி.' பல்க் ஆர்டர் பறந்தது. செய்தி கேட்டு நெகிழ்ந்த பையர், பம்பு வேலை செய்வதை நேரில் படம்பிடிக்க இருபதாம் தேதி ஆள் அனுப்புவதாக எழுதினார். ஏற்பாட்டுப் பொறுப்பு முழுவதும் சகாயராஜுக்கு.

மறுநாள் கித்தேரியான் கூப்பிட்டான். "நல்ல சேதி மச்சான். வள்ளத்தக் கரையேத்தியாச்சு. பைபர் ஒட்டுற ஆளு நாளைக்கு வாறான், விரிசல முழுசா அடைச்சிருவான். இனி சொட்டுத் தண்ணி ஏறாது. பம்பே வேண்டாம்."

சகாயராஜுக்கு முதலில் ரோஸ்மேரியின் முகம்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே தான் கையெழுத்துப் போட்ட அட்டையும் வந்தது. தண்ணீர் இல்லாத வள்ளத்தில் பம்பு எதை இறைக்கும்? வருகிறவன் என்ன எழுதிக்கொண்டு போவான்?

"மாப்ள," என்றான், குரலைத் தாழ்த்தி. "இருபதாம் தேதி வரைக்கும் ஓட்டைய அடைக்க வேண்டாம்."

கித்தேரியான் ரோஷக்காரன். கெட்ட வார்த்தை வருமென்று சகாயராஜ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"போட்டோ நல்லா வந்தா இன்னொரு வள்ளம் குடுப்பாவளா மச்சான்?"

"குடுத்தாலும் குடுப்பாங்க."

"அப்ப எத்தன வாளி தண்ணி நிக்கணும்னு கேட்டுச் சொல்லும். முந்துன நாளே கோரி ஊத்தி வச்சிருதோம்."