பெரியப்பா தலையில் விழுந்த ஒட்டடை

"உனக்குத் தமிழ் வருமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மைசூரில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்த எல்லோருக்கும் இந்தக் கொதிப்பு உண்டு. மற்றவர்கள் அடக்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

செந்திலை எனக்கு முன்பே பிடித்திருந்தது. லேத் பட்டறையில் வேலை. போனில் நான் கத்தினாலும் சிரிப்பான். அப்படி ஒருவன் இன்னொரு தடவை அகப்படமாட்டான் என்பது எனக்கே தெரியும். ஆனால் அவனுக்கு அப்பா இல்லை. வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் ராமாபுரத்துப் பெரியப்பாதான்.

"அவர் சரின்னா சரி. நீ மட்டும் வாயத் திறக்காத," என்று செந்தில் முன்கூட்டியே கெஞ்சியிருந்தான்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். ஒட்டடையை முந்தின நாளே அடித்திருக்க வேண்டும். எனக்கு கார்மெண்ட்ஸில் ஓவர்டைம். காலையில் கம்பை எடுத்தால் அம்மா பிடுங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடித்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம். (இந்த வாடகை வீட்டுக்கு அவள் எப்போது வந்தாள் என்று கேட்டேன். அம்மா முறைத்தாள்.)

பெரியப்பா சரியாக அந்த மூலையில் போய் உட்கார்ந்தார். காபி டம்ளரோடு மேலே பார்த்தார்.

"ஏனம்மிணி, அது என்ன?"

பதற்றத்தில் எனக்கு வாயில் வந்தது கன்னடம். "ஜேடர பலெ."

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். செந்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"தமிழ்ல என்னங் கண்ணு? உனக்குத் தமிழ் வருமா?"

"ஒட்டடை," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மனுஷன் அதோடு விட்டாரா? "ஏன் அந்தப் பேரு வந்துச்சு, தெரியுமா? ஓட்டு வீட்டுல, ஓட்டுக்கு அடியில, அடையாத் தொங்கும். ஓட்டடை. அதுதான் ஒட்டடை ஆயிருச்சு. தார்சு வீட்டுல பொறந்த புள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!"

"சும்னிரு," என்று அம்மா என் காதில் கன்னடத்தில் எச்சரித்தாள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாள். நான் எங்கே சும்மா இருந்தேன்?

"இல்லீங்க மாமா. பூச்சி குடியிருந்தா அது வலை. பூச்சி காலி பண்ணிட்டுப் போனப்புறம் தூசியும் புகையும் ஒட்டி அடையாத் தொங்குமே, அதுதான் ஒட்டடை. ஓட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இது தார்சு வீடு. இங்க தொங்கலயா?"

"அப்ப நான் சொல்றது பொய்யா?"

"பொய் இல்லீங்க. தப்பு."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கம்பை எடுத்தேன். "காட்டறேன், பாருங்க."

"வெள்ளிக்கிழமை டீ! பேடா!" வேண்டாம் என்பதை அம்மா கன்னடத்தில் அலறினாள்.

கம்பை ஒரு சுழற்று சுழற்றினேன். அழுக்குத் துணி மாதிரி மொத்தமும் பெரியப்பா தலையில் இறங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு எட்டுக்கால் பூச்சி வெளியே வந்தது. நல்ல ஆரோக்கியமான பூச்சி. நரைத்த முடியில் நடந்து, நெற்றியில் இறங்கி, மூக்கோரமாகத் தாடைக்கு வந்து, வெள்ளைச் சட்டையில் நின்றது.

பெரியப்பா உதட்டை அசைக்காமல் பேசினார். "இதுல ஆள் குடியிருக்குதே, அம்மிணி. உன் பேச்சுப்படி பாத்தா இது ஒட்டடையே இல்லையே?"

நான் தோற்றுப்போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக.

செந்திலின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கெளம்பலாமுங்க." செந்திலைப் பார்த்தேன். போனில் சிரிக்கிறவன், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தத் தெரிந்த எனக்கு "போகாதீங்க" என்று சொல்லத் தெரியவில்லை.

அம்மாதான் அழாத குறையாக எதையோ சொல்லிச் சமாளித்தாள். "எட்டுக்கால் பூச்சி மேல ஏறினா புதுத்துணி கிடைக்கும்னு சொல்லுவாங்கண்ணா..."

பூச்சி அவர் காலரை நோக்கி ஏறியது. எல்லோரும் அதையே பார்த்தோம். கடித்துத் தொலைக்காதே, என் வாழ்க்கையே உன் காலில்தான் இருக்கிறது என்று அந்த எட்டுக் காலையும் மனதுக்குள் பிடித்துக்கொண்டேன்.

"எங்கூர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் பெரியப்பா மெதுவாக. "ஆனா அந்தத் துணிய யாரு எடுத்துக் குடுக்கறது?"

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சம்பந்தி வீட்டுலதான எடுத்துக் குடுக்கோணும்? வேட்டி, துண்டு, சட்டை எல்லாம்?"

அம்மாவுக்குப் புரிவதற்குள் செந்திலின் அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். செந்தில் நிமிர்ந்தான்.

"எடுக்கறோங்கண்ணா! நல்லதாவே எடுக்கறோம்!" என்றாள் அம்மா.

"அப்ப கேசரி கொண்டாங்க," என்றவர், அடுத்த நொடி வீடே அதிரக் கத்தினார். "டேய், மொதல்ல இதை எடுத்துத் தொலைங்கடா!" (அவ்வளவு நேரமும் மனுஷன் பயத்தில்தான் அசையாமல் இருந்திருக்கிறார்.)

கல்யாணத்தில் அவருக்கு வேட்டி, துண்டு, சட்டை எடுத்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ராமாபுரத்திலிருந்து போன் வருகிறது. "அம்மிணி, பூச்சி ஏறிருச்சு." அவ்வளவுதான், வைத்துவிடுவார். நான் கடைக்குப் போக வேண்டும். இப்போது என் நாத்தனார்கள், கொழுந்தன், அவன் பிள்ளைகள் வரைக்கும் "எனக்கும் ஏறிருச்சு" என்கிறார்கள்.

போன தீபாவளிக்கு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டேன். "இப்பவாவது ஒத்துக்கங்க மாமா. நீங்க சொன்ன அர்த்தம் தப்புதான?"

வேட்டியை வாங்கி, பிரித்து, கரையைப் பார்த்தார்.

"ஓட்டுக்கு அடியில தொங்கறதுதான் கண்ணு ஒட்டடை. அடுத்த தடவ கரை கொஞ்சம் அகலமா எடு."