பின்வேலியில் பிடிபட்ட வாப்பா

பலாபத்வல,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பின் மச்சான் ஷிஹாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை றிஸ்னாவும் மகள் நதாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், என் முழங்காலைத் தவிர. என் வாய்ஸ் மெசேஜை நீங்கள் பாதியில் நிறுத்திவிடுவதாகக் கேள்வி. அதனால்தான் தம்புள்ளைக்கு வரும் லொறிக்காரர் கலந்தர் கையில் எழுதியே அனுப்புகிறேன். முழுதாகப் படியுங்கள்.

"லீவுக்குப் புள்ளைய ஒரு ஹொலிடே கேம்ப்ல சேருங்க மச்சான், பாவம்" என்று பெருநாளன்று சொன்னது நீங்கள்தானே? பாவம் யாரென்று இப்போது சொல்கிறேன். போன வருஷம் உங்கள் சந்தையில் நான் செத்தல் மிளகாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்த அரை மணித்தியாலம், பிள்ளை லொறிகளுக்கு நடுவில் காணாமல் போய், கடைசியில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து கடலை தின்றாளே, அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் அவள் என் மிளகுக் கடையில், என் கண் முன்னால். ஓடாதே, ஏறாதே, அதைத் தொடாதே என்று நான் சொல்லச் சொல்ல, போன கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்கிறாள்: "வாப்பா, மூச்சு விடவா?" கடையே சிரித்தது. எனக்கு நெஞ்சில் குத்தியது. சரி, கேம்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

சீகிரியாவில் ஒன்று. நீச்சல் குளம் மூன்றடி ஆழம்தானாம். வாய்ச்சொல்லை நம்பலாமா? சாரத்தோடு இறங்கிப் பார்த்தேன். மூன்றடிதான், ஆனால் வழுக்குகிறது, எனக்கு வழுக்கியது. மாத்தளை டவுனில் இன்னொன்று, மூன்றாம் மாடி. பல்கனிக் கம்பிக்குள் பிள்ளையின் தலை போகுமா என்று என் தலையை விட்டுப் பார்த்தேன். போனது. வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவி எடுத்தார்கள்.

மூன்றாவது நம்ம ஊரிலேயே, அனுஷியா டீச்சர் நடத்துவது. முன்பக்கம் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மச்சான், இருபது வருஷமாக மிளகு வாங்குகிறவன் நான், மூட்டையின் வாயைப் பார்த்தா விலை சொல்வேன்? அடியில் குத்தூசி போட்டுத்தானே பார்ப்பேன்! றிஸ்னாவையும் நதாவையும் முன்கேற்றால் அனுப்பிவிட்டு, நான் சத்தமில்லாமல் பின்பக்கம் போய் வேலியில் ஏறினேன். ஒரு கால்தான் வைத்தேன், விசில்! பிள்ளைகளெல்லாம் உள்ளே, கேற்றுக்குப் பூட்டு, சமையல்கார ராசம்மா அக்கா ஒரு கையில் அகப்பை, மறு கையில் என் கால். முழங்கால் அப்போது போனதுதான்.

"யாருடா நீ? புள்ள புடிக்க வந்தியா?"

"ஐயோ அக்கா, என் புள்ள உள்ள இருக்குங்க!"

"எல்லாக் களவாணியும் இதத்தான் சொல்றான்!"

இழுத்துப்போய் முன்னால் நிறுத்தினார்கள். டீச்சர் நதாவிடம் கேட்டார்: "இவரத் தெரியுமா மகள்?" என் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "தெரியாது டீச்சர்." படிவம் நிரப்பிக்கொண்டிருந்த உங்கள் தங்கை தலை தூக்கினாள். யோசித்தாள் மச்சான், யோசித்தாள்! பிறகுதான் "எங்கட வீட்டு ஆள்தான் டீச்சர்" என்றாள்.

வீட்டுக்கு வந்து நதாவைக் கேட்டேன். "வேலி ஏறி வர்ற ஆள், வாப்பாவோட கூட்டாளின்னு சொன்னாலும் நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறாள். வாப்பாவே ஏறி வந்தால் என்ன செய்வதென்று நான் சொல்லிக்கொடுக்கவில்லைதான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கேம்ப்பும் வேண்டாம், கீம்ப்பும் வேண்டாம். பிள்ளை கடையில் இருக்கட்டும். நீங்கள் சிபாரிசுக்கு வர வேண்டாம். மாமிக்கு என் ஸலாம். உங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
முழங்கால் கட்டோடு,
மச்சான் ஜைனுதீன்.

பி.கு: லொறி இன்று திங்கட்கிழமைதான் போகிறது, அதனால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். வேலியில் கால் வைத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, என்னைப் பிடித்துவிட்டார்கள். அன்று உங்கள் சந்தையில் பிள்ளை அரை மணித்தியாலம் காணாமல் போனதைப் பெற்ற நானே கவனிக்கவில்லை. இதைவிடப் பத்திரமான இடம் ஏது? இன்று காலை சேர்த்துவிட்டேன். ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் பட்டியலில் றிஸ்னா பெயரும் உங்கள் பெயரும்தான் இருக்கின்றன. என் போட்டோ ராசம்மா அக்காவின் குசினிச் சுவரில் இருக்கிறது, வேறு காரணத்துக்கு. நாளை செவ்வாய் றிஸ்னா கண்டிக்குப் போகிறாள், நீங்கள் பன்னிரண்டரைக்குக் கட்டாயம் வாருங்கள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். இன்று உள்ளே ஓடியவள், பாதியில் திரும்பி வந்து கேற்றுக் கம்பிக்குள்ளால் சொல்லிவிட்டுப் போனாள்: "வாப்பா, மூச்சு விடுங்க."