கீரியின் படம் மங்கல்

ஒரு காட்டில், இனிமேல் வளைகளுக்கெல்லாம் பட்டா வாங்கியாக வேண்டும் என்று திடீரென உத்தரவு வந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் வாங்காதவர்கள் வளையைக் காலி செய்ய வேண்டுமாம். செவ்வந்தி என்ற கீரிக்கு வயிற்றில் நாலு குட்டி. போட்டது போட்டபடி ஓடினாள்.

பட்டா ஆபீசில் அதிகாரி ஆந்தையார். ஆபீஸ் நேரம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பது அந்தக் காட்டில் எறும்புக்குக்கூடத் தெரியும். உத்தரவு போட்டவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஆந்தையார் மனுவை மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தார். "படம் மங்கல். அடுத்த ஆள்!"

செவ்வந்தி குளித்தாள். மீசையை நீவிக்கொண்டாள். குரங்கு நடத்தும் ஸ்டுடியோவில் மூச்சை அடக்கி வேறு படம் எடுத்தாள். மங்கல். மூன்றாவது படமும் மங்கல். வரிசையில் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். நாலாவது படத்தோடு போனபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மங்கல்னா என்னங்கய்யா அர்த்தம்?"

"எனக்குத் தெரியலைன்னா அது மங்கல்."

"படத்தை விடுங்க. நேர்லயே நிக்கிறேனே, என்னைப் பாருங்க!"

"நீயும் மங்கலாத்தாம்மா இருக்கே. மூஞ்சியைக் கழுவிட்டு வா."

செவ்வந்தி அழுதேவிட்டாள். அழுத அழுகையில் படத்தின் முதுகுப்பக்கத்தை மேலே காட்டி நீட்டினாள். வெறும் வெள்ளை. ஆந்தையார் முகம் மலர்ந்தது.

"அடடா, பளிச்சுனு இருக்கே! இதை முதல்லயே கொண்டுவர்றதுக்கு என்ன?"

வெள்ளைப்பக்கம் தெரியப் படத்தை ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தால், வளைக்குள் ஒரு பாம்பு சுருண்டு படுத்திருந்தது. அதனிடமும் அதே வளைக்குப் பட்டா இருந்தது. படமே ஒட்டாமல் மனு போட்டு, முதல் நாளே வாங்கிவிட்டதாம்.

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஆபீசுக்குப் போனார்கள். ஆந்தையார் இரண்டு பட்டாவையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அச்சு அசல் ஒரே முகஜாடை! கூடப்பிறந்தவங்க இப்படியா அடிச்சுக்கிறது? கூட்டுப் பட்டா போட்டுத் தர்றேன், ஒத்துமையா இருங்க."

ஐப்பசியில் குட்டிகள் பிறந்தன. பாம்பை மாமா என்றுதான் கூப்பிடுகின்றன. செவ்வந்தி மட்டும் இன்றுவரை கண் மூடித் தூங்கவில்லை.

நீதி: ஆபீசில் தெளிவாகத் தெரிய வேண்டுமா? முகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.