சாரிம்மா அண்ணனும் பெட்ரோல் மிஷினும்

மனிதர்களைத் திட்டிவிட்டு இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கும் ஆள் பெங்களூரிலேயே ஒருவர்தான். ஆடுகோடியில் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் சாரிம்மா அண்ணன்.

கரண்ட்டை நம்பினால் நுரையோடு நிற்க வேண்டியதுதான் என்று பெட்ரோலில் ஓடும் பிரஷர் மிஷின் வாங்கியிருந்தார். அதைக் கிளப்பக் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இழுக்கும் முன் குனிந்து, "சாரிம்மா" என்பார். வலிக்குமாம். ஒருமுறை கார்க்காரர் ஒருவர், "என்ன டப்பா மிஷின் இது?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் தண்ணீரை நிறுத்திவிட்டார். "மொதல்ல அவகிட்ட சாரி கேளுங்க சார்." முழுக்க நுரை பூசி நின்ற தன் காரைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் சாரி கேட்டார். மிஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது. அதற்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவரின் மானம் ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கப்பலேற இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட அழுக்கோடு பூஜைக்கு நிற்காது என்று வாக்குக் கொடுத்திருந்தார். தெருமுனை வரை ஆட்டோக்கள், கடைசியில் என் ஸ்கூட்டர். மிஷினுக்குக் காலையிலேயே சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகியிருந்தது. முதல் ஆட்டோவில் தண்ணீர் பட்டுச் சற்று நேரத்தில் அது விக்கி, இருமி, நின்றுவிட்டது.

"ஏனாயித்து குரு?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டார் முதல் ஆட்டோக்காரர் மஞ்சு.

அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடினார், "சாரிம்மா", இழுத்தார். ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்தார். ஏர் ஃபில்டரை உதறினார். கார்புரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

"என் மூஞ்சப் பாத்தாதான் ஓடுறா," என்றார், அந்தக் கவலையிலும் ஒரு பெருமையோடு.

"அப்ப மூஞ்ச அங்கயே வெச்சுக்க குரு. நாளைக்கு பூஜை," என்றார் மஞ்சு.

அண்ணன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஸ்டாண்டே அழுக்கா நிக்குமே சார். நான் எப்படி அந்தப் பக்கம் போவேன்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

மனசு கேட்காமல் இன்னொரு முறை மூடியைத் திருகினார். 'உஸ்' என்று சத்தம் வந்தது.

"பெருமூச்சு விடுறா," என்றார்.

"மூச்சு முட்டுது போல," என்றார் மஞ்சு.

அண்ணன் மூடியைத் திருப்பி உற்றுப் பார்த்தார். அதன் நடுவில், டேங்குக்குள் காற்றுப் போவதற்கென்று ஊசித் துளை ஒன்று உண்டு. காலையில் அவர் கட்டைவிரலால் அப்பிய சந்தனம் சரியாக அதன் மேல் சிமென்ட்டாகக் காய்ந்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

"பொட்டு வெக்கறேன்னு மூக்க அடைச்சுட்டேனேம்மா. சாரிம்மா."

"தொடச்சு எறி குரு."

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிப்பாங்களா?"

ஊதுபத்தி ஒன்றை எடுத்தார். பெட்ரோல் பக்கத்தில் ஊதுபத்தியைப் பார்த்ததும் வரிசையில் பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். அவரோ அதைப் பற்றவைக்காமல், குச்சி முனையால் பொட்டின் நடுவே பதமாக ஒரு துளை போட்டார். மூக்குக் குத்தியாயிற்று. இருட்டும்வரை மிஷின் நிற்கவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் அத்தனை ஆட்டோவும் பளபளத்தன.

இப்போது நான் இருக்கும் அப்பார்ட்மென்ட்டில் வண்டி கழுவ ஆள் உண்டு. இருந்தும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கழுவிய ஸ்கூட்டரோடு ஆடுகோடி வரிசையில் போய் நிற்கிறேன். "சுத்தமாத்தானே சார் இருக்கு?" என்று அண்ணன் முறைப்பார்.

"சாரிண்ணே," என்பேன்.