இல்லாத மாடிக்கு இடம் பிடிக்கிறவர்

பேருந்து ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களை மன்னித்துவிடலாம். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது அதே குலத்தில் வேறொரு கிளை. இவர் யாருக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறாரோ, அந்த ஆள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. பல சமயம் பிறக்கவே இல்லை. எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு. கணினிப் பிரிவில் கட்டாயம் உண்டு.

நம்மவருக்கு அலுவலகத்தில் 'ரிசர்வ் சார்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவரும் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிற நிறுவனம் அது. நாலு மாடி, அதுவும் வாடகைக் கட்டிடம். அங்கே ஒரு கணினி வாய் திறந்து பேச வேண்டுமென்றால் அதற்கு ஐ.பி. அட்ரஸ் என்று ஓர் எண் வேண்டும். எண் கிடைக்காத கணினி வெறும் மேஜை அலங்காரம். தலைமை அலுவலகம் இந்தக் கிளைக்கு இருநூற்று ஐம்பத்தாறு எண்களை மொத்தமாகக் கொடுத்து, உங்கள் வசதிப்படி கூறு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கூறு போடச் சொல்லி யாரிடம் சொல்வது என்ற விவஸ்தை வேண்டாமா?

இந்தக் கூறுகளுக்கு சப்நெட் என்று பெயர். கணக்குப் போட்டுப் பிரிக்க அவரிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. எத்தனை பேர் என்று தட்டினால் போதும். கூறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, உபயோகத்துக்கு எத்தனை தேறும் என்று அடுத்த நொடியே காட்டிவிடும். நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டிப்பாகத்தான் கிடைக்கும். பத்து கொடு, பன்னிரண்டு கொடு என்று பேரம் பேச முடியாது. அதிலும் ஒவ்வொரு கூறிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் யாருக்கும் கிடையாது. காலையில் வந்ததும், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே அதைத் திறந்து, ஆள் குடியேறிய எண்களெல்லாம் சிவப்பாகவும் காலியான எண்களெல்லாம் பச்சையாகவும் நீளும் அந்தப் பட்டையை மேலும் கீழும் ஒருமுறை தள்ளிப் பார்த்து, நேற்று விட்ட பச்சை இன்றைக்கும் பச்சையாகவே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு வயிறு குளிரும். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார்.

அவர் போட்ட கூறுகளைக் கேளுங்கள். மொத்தத்தில் சரிபாதி, நூற்று இருபத்தெட்டு எண்கள், ஐந்தாம் மாடிக்கு. கட்டிடத்தில் ஐந்தாம் மாடி என்று ஒன்று இல்லை. மொட்டை மாடிதான் இருக்கிறது. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு புறாக்களும் இருக்கின்றன. முதலும் கடைசியும் போக மீதியை வகுத்தால் புறா ஒன்றுக்கு அறுபத்துமூன்று அட்ரஸ் வருகிறது. மற்ற பாதியில் அறுபத்துநாலு ஊழியர்களுக்கு, முப்பத்திரண்டு கேமராவுக்கும் பிரிண்டருக்கும், இன்னொரு முப்பத்திரண்டு 'எதிர்பாராதவை' என்ற தலைப்பில்.

கணக்குப் பிரிவு அக்கா ஒருநாள் இன்னொரு கணினிக்கு எண் கேட்டு வந்தார்.

"இல்லம்மா. எல்லாம் நிரம்பிடுச்சு."

"இவ்வளவு பச்சையா இருக்கே சார்?"

"அது ரிசர்வ். அஞ்சாவது மாடிக்கு."

"நமக்கு நாலு மாடிதானே?"

"இப்போதைக்கு" என்றார் நம்மவர்.

பிறந்தநாள் கேக் வெட்டக் கத்தியை இவர் கையில் கொடுத்தால் பதினோரு பேர் இருக்கும் அறையில் பதினாறு துண்டு போடுவார். எல்லாம் ஒரே அளவு. மீதி ஐந்தும் குளிர்பெட்டிக்குள் போகும், யாராவது வருவார்களாம். ஒருவரும் வரமாட்டார்கள். நாலாம் நாள் துப்புரவுக்கார அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுப்பார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். நடுவில் நிறுவனம் புதிதாகப் பதினாலு பேரைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒருவன் நம்மவரின் மச்சினன், மனைவிக்கு இருக்கிற ஒரே தம்பி. படிப்பு முடிந்து இரண்டு வருஷமாக வேலையில்லாமல், யார் வீட்டு விசேஷத்துக்கும் போகக் கூசி, அக்கா வீட்டில் முடங்கிக் கிடந்தான். அக்கா தன் கணவரை நச்சரிக்க, கணவர் மேலாளர் அம்மாவிடம் கெஞ்ச, ஒரு வழியாக உள்ளே வந்திருந்தான். ஒரே ஒரு நிபந்தனை. முதல் நாள் மதியம், இந்த நிறுவனத்துக்குப் போன் வேலையைக் கொடுக்கிற வெளி நிறுவனத்துக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அப்போது கணினி முன்னால் உட்கார்ந்து அழைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் வேலை உத்தரவு.

அந்த முதல் நாள் காலையில் மேலாளர் கேட்டார்.

"புதுசா வந்தவங்களுக்கு அட்ரஸ் குடுத்தாச்சா சார்?"

"ஊழியர் கூறுல இடமில்ல மேடம்."

"எதிர்பாராததுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதுலேருந்து குடுங்க."

"அதெப்படி மேடம்? இவங்க வரப்போறது போன வாரமே தெரியும். எதிர்பார்த்தவங்களுக்கு எதிர்பாராததுலேருந்து எப்படிக் குடுக்கறது?"

மேலாளர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு நம்மவர் பணிந்தார். ஆனால் தன் பாணியில் பணிந்தார். முப்பத்திரண்டை அப்படியே தூக்கிக் கொடுக்க மனசு வருமா? மென்பொருளைத் திறந்து இரண்டாகப் பிளந்தார். பதினாறு, பதினாறு. 'உபயோகத்துக்கு: 14' என்று காட்டியது. பதினாலு பேர், பதினாலு எண்! அவருக்குப் புல்லரித்துப் போயிற்று. இன்னொரு பதினாறு பச்சை மாறாமல் மிச்சம்.

இங்கேதான் வினை. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வாசல் வேண்டும்; வெளியே போகிற பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் போகும். வாசலாக நிற்கிற பெட்டிக்கும் ஓர் எண் போய்விடும். இது அவருக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பழக்க தோஷத்தில் அந்தப் பதினாலில் முதல் எண்ணை வாசலுக்குக் கொடுத்ததும் அவர் கைதான். பதினாறு மிச்சம் பிடித்த சந்தோஷத்தில், கை செய்ததை மனசு கணக்கில் சேர்க்கவில்லை. பதின்மூன்று கணினிகள் பேச ஆரம்பித்தன.

கடைசி இருக்கையிலிருந்து மச்சினன் எழுந்து வந்தான்.

"மாமா, எனக்கு மட்டும் வரல."

நம்மவர் ஒரு நொடியில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். பிளந்த இரண்டு பாதியையும் மறுபடி ஒன்றாக்கினால் தீர்ந்தது. இரண்டு தட்டு வேலை. ஆனால் பதினாறு பச்சையும் போய்விடுமே. "ரெண்டே நிமிஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாலு எண்ணில் சின்னதாக ஒரு கூறு போட்டால்? வாசலுக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று, கச்சிதம். ஆனால் பச்சைப் பட்டையின் முனையை எலி கடித்த மாதிரி இருக்கும். முனையில் வேண்டாம், நடுவில் வெட்டலாமா? நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் துண்டாகிவிடும். அழித்தார், போட்டார், மறுபடி அழித்தார்.

மேலாளர் நம்மவரின் அறை வாசலில் வந்து நின்றார். "அஞ்சாம் மாடிலேருந்து ஒண்ணு குடுங்க சார், நேரமாச்சு."

"ஒண்ணுதானேன்னு ஆரம்பிச்சா அப்புறம் மாடியே மிஞ்சாது மேடம்."

பார்க்க வரவேண்டியவர்கள் வந்தார்கள். வரிசையாக நடந்து, பதின்மூன்று பேருக்கும் பின்னால் நின்று கேட்டு, தலையாட்டினார்கள். கடைசிக் கணினி இருட்டாக இருந்தது. அதன் பக்கத்தில் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இவருக்கு என்ன என்று அவர்கள் கேட்க, மேலாளர் ஏதோ சமாளித்தார். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நம்மவர் அறையிலிருந்து முகம் மலர வெளியே வந்தார். பட்டை கோணாமல் நாலு எண்ணை எடுக்க வழி கிடைத்துவிட்டது.

"முடிஞ்சுது தம்பி. போய் உட்காரு."

"வேண்டாம் மாமா. அவங்க போயிட்டாங்க." பையை ஏற்கனவே தோளில் மாட்டியிருந்தான்.

நீங்கள் நினைக்கிற மாதிரி அவர் ஈவிரக்கமில்லாதவர் இல்லை. மச்சினன்மேல் உயிரையே வைத்திருந்தார். தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார்.

"கவலைப்படாதே. அந்த அட்ரஸ் உனக்குத்தான். யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

சாயங்காலம் வீட்டில் மனைவி தட்டை வைத்தாள். தம்பி பக்கத்து அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"அங்க இடமே இல்லையாங்க?"

இந்த இனத்துக்குப் பொய் சொல்ல வராது. "இருக்கு" என்றார்.

"எவ்வளவு?"

"நூத்து நாப்பது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நூத்து நாப்பது சும்மா கிடக்குது. அதுல என் தம்பி ஒருத்தன் உட்கார முடியாதா?"

எதிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது. நம்மவர் அவமானத்தில் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தார்.

நன்றாகச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த அறை ஒன்று இருக்குமே, மெத்தையின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்காத அறை? போன மாதம் உறவுக்காரர் ஒருவர் போன் செய்து, ஆஸ்பத்திரி வேலையாக வருகிறோம், இரண்டு நாள் உங்களோடு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். "எங்க வீடு ரொம்பச் சின்னதுங்க" என்று சொன்னது யார்?